இருவாச்சிக்கு ரொட்டி கொடுத்தவள்

“…அப்புறம் பார்த்தீங்கன்னா, முட்டை போடப் பொந்துக்குள்ள போய் உட்கார்ந்ததும் பெண் பறவை வாசலை அவளே சேறு வெச்சு அடைச்சிடுவா. ஒரே ஒரு இடுக்கு, அலகு நீட்டுற அளவுக்கு, அவ்வளவுதான் லா” என்று மைக்கில் சொல்லி நிறுத்தினாள் சித்தி.

அவள் நிறுத்தினால் என் முறை. எனக்கு அப்போது ஏழு வயது. புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில், சனிக்கிழமை மாலை, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு எதிரே நின்று அவள் இருவாச்சிப் பறவையின் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். மற்ற நாட்களில் அவளுக்குப் பல் மருத்துவரிடம் வருகிறவர்களைப் பெயர் எழுதி உட்காரவைக்கிற வேலை. பள்ளியில் அறிவியல் பாடம் இவளைக் கண்டாலே ஓடிப்போகும் என்பாள் அம்மா. ஆனால் மாதம் ஒருமுறை சித்தி பேச வந்துவிட்டால், லிட்டில் இந்தியாவிலிருந்து காய்கறிப் பையோடு வீடு திரும்புகிறவர்கள் திறந்த லிஃப்டை விட்டுவிட்டு நின்றுவிடுவார்கள். எறும்புப் புற்றில் தொடங்குவாள். முடிக்கும்போது, கட்டட வேலைக்குப் போகிறவர்களை ஏன் லாரியின் பின்னால் உட்காரவைக்கிறோம் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். எந்த இடத்தில் தாண்டினாள் என்று யாருக்கும் தெரியாது.

அந்தக் கதைகளுக்கு முன்வரிசையில் ஓர் ஆள் வேண்டும். ‘ம்’ கொட்ட வேண்டும். அவள் நிறுத்துகிற இடத்தில், முதல் நாளே சொல்லிக்கொடுத்த கேள்வியை அப்போதுதான் தோன்றியதுபோல் கேட்க வேண்டும். போன மாதம்வரை அது அண்ணனின் பதவி. ஆமைக் கதையின் நடுவே ‘ம்’ கொட்டியபடியே தூங்கிப்போனதால் பறிபோய், எனக்கு வந்திருந்தது. நான் சொதப்பினால் மறுபடி அவனுக்கு. அதற்காகவே பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தான்.

‘உள்ளேயே இருந்தா அவளுக்குப் பசிக்காதா சித்தி?’ இதுதான் என் கேள்வி. குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனால் இடுக்கு என்றதும் எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. எறும்புப் புற்றையோ ஆமையையோ நான் கண்டதில்லை. இதைத் தினமும் பார்க்கிறேனே. நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டேன்.

“எனக்குத் தெரியும் சித்தி. நான்தான் அவங்களுக்குச் சாப்பாடு கொடுப்பேன்.”

கூட்டம் சிரித்தது. “அப்ப வெளியே இருந்து தீனி கொண்டுவர்ற ஆம்பளைப் பறவை நீதானா?” என்றார் ஒரு பெரியவர். அண்ணன் பதவியேற்கத் தயாராக எழுந்தே நின்றுவிட்டான். சித்தியும் சிரித்துக்கொண்டே என்னைக் கதைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“என்ன மக்கான் கொடுப்பே?”

“ரொட்டி. கம்பிக் கதவு வழியா. ஆரஞ்சு உள்ளே போகாது, உரிச்சுத்தான் கொடுக்கணும்.”

“யாருக்கு?”

யாரிடமும் சொல்லாதே என்று அந்த அக்கா கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. நாற்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்க மாடியில கடைசி வீட்ல வேலை செய்யற அக்காவுக்கு. அந்த வீட்டு ஆளுங்க வெளியே போனா கதவைப் பூட்டிட்டுத்தான் போவாங்க. இப்ப ஜொகூர் போயிருக்காங்க, நேத்துக் காலையில.”

சிரிப்பு அடங்கியது. கதை அவ்வளவு சுவையாகப் போகிறது என்று எடுத்துக்கொண்டு, குரலை இன்னும் உயர்த்தினேன்.

“ஆனா சித்தி, ஒண்ணு நீங்க தப்பாச் சொல்லிட்டீங்க. வாசலை அவங்களா அடைக்கலை. சாவியே அவங்ககிட்ட கிடையாது.”

சித்தி மைக்கைக் கீழே இறக்கினாள். கதைக்கு நடுவில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன், பதவி போயிற்று என்று முடிவுகட்டிவிட்டேன். அவள் என் அருகில் வந்து குனிந்தாள்.

“இடது கோடியா, வலது கோடியா?”

“வலது.”

மைக்கை என் கையில் வைத்துவிட்டு நகர்ந்தாள். கதையையே எனக்குக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். மகிழ்ச்சியில் கால் தரையில் நிற்கவில்லை. ஆண் பறவை எந்தெந்த மரத்தில் என்னென்ன பழம் பறிக்கும் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அளக்கத் தொடங்கினேன். பாதி நாற்காலிகள் காலியாகிவிட்டதையும், காய்கறிப் பைகள் தரையில் ஆளில்லாமல் சாய்ந்து கிடந்ததையும் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அந்த நேரம் சித்தி கைப்பேசியைக் காதில் வைத்தபடி, லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல், ஆறு மாடிப் படிகளையும் இரண்டிரண்டாகத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தாள்.