நைதெனின் மெழுகுவர்த்தி வெளிச்சம்

லிஃப்ட் மெக்கானிக் நைதெனுக்கு ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "யாரும் கேக்கலயே, வேலிகா அக்கா" என்பான். எங்கள் ஊர் கப்ரோவோவில் பாதி லிஃப்டுகள் அவன் கைபட்டுத்தான் ஓடுகின்றன. என் புருஷன் த்சான்கோ செத்தபோது சவப்பெட்டி லிஃப்டுக்குள் நுழையவில்லை. ஐந்து மாடியும் அதன் முன்பக்கத்தைத் தோளில் தாங்கி இறக்கியவன் இந்த நைதென். அதற்கப்புறம் அவன் என்ன கிறுக்குத்தனம் செய்தாலும் பொறுத்துக்கொண்டேன்.

அவனுடைய கிறுக்கு, டார்ச். மருந்துக்கடை போகோமிலுக்கும் பஸ் ஓட்டும் ஸ்விலெனுக்கும் அதே கிறுக்குதான். ஞாயிறு மத்தியானம் மூன்று பேரும் என் நிலவறைக்கு வந்துவிடுவார்கள். அங்கே ஜன்னல் இல்லை, ஒரு சுவர் வெள்ளையாகக் காலியாக இருக்கிறது. மிளகாய் ஜாடிகளுக்கும் முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாய்க்கும் நடுவே பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, சுவரில் டார்ச் அடித்து, அந்த வெளிச்சம் என்ன நிறம் என்று சண்டை போடுவார்கள்.

"பச்ச அடிக்குதுடா."

"பச்சையா? லேசா ரோஸ். நல்லாப் பாரு."

"பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ்வளவு நேரம் நீங்க மூஞ்சியப் பாத்திருக்க மாட்டீங்கடா" என்பேன் நான்.

இந்த வசந்தத்தில் நைதென் சொந்தமாக ஒரு டார்ச் செய்து முடித்தான். சாவிக்கொத்தில் மாட்டுவது. என் சுண்டுவிரலில் பாதிதான் இருக்கும். சமையலறையில் சின்ன லேத் வைத்து டைட்டானியத்தைக் கடைந்து எட்டு மாதம் உழைத்தான். அந்த உலோகத்தில் மரை வெட்டினால் திருகும்போது கிறீச்சென்று கத்துமாம், சமயத்தில் இறுகிப்போய் கழலாதாம். இவனுடையது வெண்ணெய் மாதிரி சுழன்றது.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. டார்ச் செய்தவன் அதைத் தபாலில் அனுப்புவான். நாடு முழுக்கப் பன்னிரண்டு பேர் ஆளுக்கு ஒரு வாரம் வைத்திருந்து, தோன்றியதை எழுதி, அடுத்தவனுக்கு அனுப்ப வேண்டும். கூடவே செய்தவன் கைப்பட எழுதிய சீட்டு ஒன்று போகும், வெளிச்சம் என்ன நிறம் என்று. நைதென் சீட்டில் ஒரே வார்த்தை எழுதியிருந்தான்: மெழுகுவர்த்தி. திங்கட்கிழமை தபாலில் போடுவதாக இருந்தான்.

ஞாயிறன்று எங்களுக்குக் காட்டினான். சுவர் ஐஸ்கட்டி மாதிரி நீலமாக நின்றது.

"நைதென், எதுடா மெழுகுவத்தி?" என்றான் போகோமில்.

"பாரேன்! கோயில்ல ஏத்தற தேன்மெழுகு மாதிரி இல்ல?"

"மீன்கடைல ஏத்துனா இப்படி எரியும்" என்றான் ஸ்விலென்.

போகோமில் நல்லவன், நண்பனைக் காப்பாற்றப் பார்த்தான். "சுவத்துலதான் கோளாறு. அக்கா, சுண்ணாம்புல என்ன கலந்தீங்க?"

"நீலம்தான். நீலம் போடாம எவ சுண்ணாம்பு அடிப்பா?"

ஸ்விலென் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஆறு வருஷம்! ஆறு வருஷமா நீலச் சுவத்தப் பாத்துட்டா சண்ட போட்டோம்?"

என் சுவரைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்குமா? மேலே போய், வெளுத்த படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து தொங்கவிட்டேன். அப்போதும் ஐஸ்கட்டிதான். நைதென் மட்டும், "மெழுகுவத்தி" என்றான்.

எனக்குப் புரிந்துவிட்டது. போன இலையுதிர்காலத்தில் வலது கண்ணில் புரை எடுத்தேன். இடது கண் பாக்கி. வலதில் விரிப்பு வெள்ளை, இடதில் தேநீர் கொட்டிய மாதிரி. வலதை மூடிக்கொண்டு இடதால் பார்த்தேன். அசல் கோயில் மெழுகுவர்த்தி.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். என் வாய் அப்படிப்பட்டதில்லை. "டார்ச்சு சரியாத்தான்டா இருக்கு. உன் கண்ணுதான் போச்சு. புரை."

நைதென் டார்ச்சை அணைத்தான். சீட்டை மடித்துப் பையில் வைத்தான். "என் கண்ண நம்பித்தான்க்கா இந்த ஊரு லிஃப்டுல ஏறுது" என்று சொல்லிவிட்டுப் போனான். லிஃப்டில் இல்லை, படியேறிப் போனான்.

மூன்று ஞாயிறு வரவில்லை. டார்ச்சும் தபாலில் போகவில்லை.

"போய் மன்னிப்புக் கேளுங்கக்கா" என்றான் போகோமில்.

"உண்மையச் சொன்னதுக்கா?" என்றேன். ஆனாலும் போனேன்.

சமையலறை மேசையில், டார்ச்சுக்குள் மாட்டும் எள்ளு மாதிரிச் சின்னச் சின்ன விளக்குகளைப் பரப்பி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலதுல கொஞ்சம் வெளுப்பு. எடதுல எல்லாமே மஞ்ச" என்றான். "வெளிய சொன்னா வேலைய விட்டு அனுப்பிருவாங்கக்கா."

"வேல போறது மட்டுந்தான் பயமா?"

"கண்ணுல கத்தி வெக்கறதும்."

"எனக்கும் அதான்டா. எடது கண்ணுக்குத் தேதி கெடைக்கலன்னு ஊரெல்லாம் பொய் சொல்லிட்டுத் திரியறேன். ஆஸ்பத்திரில மூணு தடவ கூப்ட்டாச்சு."

"நீங்களா? நீங்களுமா பயப்படுவீங்க?"

"பயந்தவதான்டா இவ்வளவு பேசுவா. நீ வந்தா நானும் வரேன்."

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அன்று காலை, அந்த டார்ச்சை அவனிடம் கேட்டு வாங்கி நிலவறைக்குப் போனேன். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு எரியவிட்டேன். த்சான்கோவின் தலைமாட்டில் நான் ஏற்றி வைத்த வெளிச்சம் அப்படியே இருந்தது. இதைத்தான் இவன் எட்டு மாதமாகச் சமையலறையில் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறான். பொத்திய கை வலிக்கும்வரை பார்த்தேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் அதை இப்படிப் பார்க்க எனக்குக் கண் இருக்காது. கொஞ்ச நாளில் அவனுக்கும்தான்.

எனக்கு ஒரே நாளில் முடிந்தது. அவனுக்கு ஒவ்வொரு கண்ணாக இரண்டு மாதம். வேலை போகவில்லை. லீவு கொடுத்தார்கள், திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதற்குத்தான் அவ்வளவு பயம்.

திரும்பி வந்த முதல் ஞாயிறு விரிப்பில் டார்ச்சை அடித்தான். "சீ! மீன்கடையேதான்" என்றான். சிரித்தான், கண்ணைத் துடைத்தான். பிறகு பையிலிருந்து ஐந்து புது விளக்குகளை எடுத்து ஒவ்வொன்றாய் மாட்டிக் காட்டினான். போகோமில் வாயைத் திறந்தான்.

"நீ சும்மா இரு. நீ அதப் புரைக்கண்ணால பாத்ததில்ல" என்றான் நைதென். "வேலிகா அக்காதான் சொல்லணும்."

முதலாவது இல்லை. இரண்டாவது பரங்கிக்காய் நிறம். மூன்றாவதில் யோசித்தேன், இல்லை என்று தலையாட்டினேன். நான்காவது எரிந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்: "இதுதான்."

பழைய சீட்டே போதும் என்றான். 'மெழுகுவர்த்தி' என்பதற்குக் கீழே 'வேலிகா அக்கா பார்த்திருக்கிறார்' என்று மட்டும் சேர்த்து எழுதினான். மறுநாள் டார்ச் தபாலில் போயிற்று.

என் சுவரை நீலம் போடாமல் திரும்ப அடிக்க வேண்டுமாம். அடிக்கட்டும். மூன்று தடியன்களும் ஆளுக்கொரு மட்டையோடு வரட்டும், பீப்பாயை யார் நகர்த்துவது என்று அப்புறம் பார்க்கலாம்.