ரயில் நின்ற பிறகு யாழ்ப்பாணம் ஸ்ரேசன்

கலியாணம் முடிந்து யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்குப் பின்னாலிருந்த குவாட்டர்ஸுக்கு நான் குடிவந்தது எண்பத்துமூன்றில். என் கணவர் அங்கே உதவி ஸ்ரேசன் மாஸ்ரர். நான் வந்து சில மாதங்களில் கொழும்பில் கலவரம். அடிக்குத் தப்பிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய தமிழர்கள், போக இடம் தெரியாமல் எங்கள் பிளாட்பாரத்தில் படுத்துக் கிடந்தார்கள். ஸ்ரேசன் வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த நானா பெரிய அண்டாவைத் தூக்கிவந்து எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தார். அவர் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருக்காரர். என் கணவருக்கு அவரைவிட நெருங்கிய சிநேகிதர் இல்லை.

அதற்குப் பிறகு ரயில் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். தொண்ணூறில் சண்டை மூண்டதும் ஒரேயடியாக நின்றது. கோட்டைக்குள்ளிருந்து ஷெல், மேலேயிருந்து குண்டு. நாங்கள் பட்டணத்துக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் தெரிந்தவர் ஒருவரின் பின்னறைக்கு ஓடினோம். கோட்டையிலிருந்து இராணுவம் வெளியேறிய பிறகுதான் என் கணவர் சைக்கிளில் போய் ஸ்ரேசனைப் பார்த்தார்.

“கூரை இல்லை. சுவருகள் நிக்குது. திருத்தலாம்,” என்றார்.

அதற்குப் பிறகு தினமும் போனார். நானாவும் வருவார். கடை இருந்த இடத்தில் ஓட்டுத் துண்டுகள்தான் கிடந்தன. இருவரும் பிளாட்பார விளிம்பில் காலைத் தொங்கப்போட்டபடி கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். நாலைந்து பேர் தண்டவாளத்தைப் பெயர்த்து, அடியிலிருந்த சிலிப்பர் கட்டைகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். குண்டுக்கு ஒளிய வெட்டும் பங்கர் குழிக்கு மேலே அடுக்க அதைவிட நல்ல மரம் கிடையாது. இவர் ஓடிப்போய் ஒரு கட்டையின் மேல் ஏறி நின்றார்.

“உதுகளைக் கழட்டினா நாளைக்கு ரெயில் எதிலை ஓடுறது?”

“ரெயில் வருமட்டும் நாங்கள் உயிரோடை இருக்கவேணுமே, மாஸ்ரர்,” என்றார் ஒருவர். குரலில் கோபமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நானும் அதையே சொன்னேன். “இஞ்சேருங்கோ, எங்களுக்கும் ஒரு பங்கர் வேணும். எல்லாரும்தானே எடுக்கினம்.”

“நீயுமோ?” என்று மட்டும் கேட்டார். அன்று சாப்பிடவில்லை.

ஐப்பசி முடியும் தறுவாயில், சோனகதெரு முஸ்லிம் சனங்களை உடனே வெளியேறச் சொல்லி இயக்கம் அறிவித்துவிட்டதாம் என்று செய்தி வந்தது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பறந்தார். பொழுதுசாயத் திரும்பி வந்து, கிணற்றுக்கட்டில் உட்கார்ந்துதான் சொன்னார்.

நானாவும் மனைவியும் ஒரு பையோடு தெருவில் நின்றிருந்தார்களாம். அந்தப் பையையும் வாங்கிப் பிரித்துக் கொட்டினார்களாம். துவக்கோடு நின்ற இயக்கப் பெடியன் இவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினானாம். லொறியில் ஏறும்போது நானா திரும்பிப் பார்த்து, “மாஸ்ரர், ரெயில் இருந்திருந்தா உங்களிட்டை டிக்கற் எடுத்துப் போயிருப்பன்,” என்றாராம்.

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“என்னத்தைச் சொல்லுறது? பாத்துக்கொண்டு நிண்டனான்.”

மறுநாள் விடிந்ததும் பக்கத்து வீட்டில் அலவாங்குக் கம்பி ஒன்றை இரவல் வாங்கி, வண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனார். முதலாம் பிளாட்பாரத்துக்கு முன்னாலிருந்த சிலிப்பர் கட்டைகளைத் தன் கையாலேயே கிண்டி எடுத்து வந்து இறக்கினார். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. மருந்து போடக் கிட்டப் போனேன். கையை இழுத்துக்கொண்டார்.

அந்தப் பங்கருக்குள்தான் ஐந்து வருடம் ஓடி ஒளிந்தோம். பொம்மர் வானத்தில் இரையும்போது தார் மணக்கும் அந்தக் கட்டைகளுக்குக் கீழே ஆளையாள் பாராமல் குந்தியிருப்போம். ஸ்ரேசன் பக்கம் அவர் பிறகு போகவேயில்லை. பட்டணத்துக்குப் போனாலும் சுற்றுவழியால் போவார். நான் ஒருமுறை அவ்வழியே வந்தபோது பிளாட்பாரங்களுக்கு இடையே நாயுருவி இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது. தண்டவாளம் எங்கே கிடந்தது என்றே தெரியவில்லை. வந்து அவரிடம் சொல்லவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் பட்டணத்தை நெருங்க, முழுச் சனத்தையும் இயக்கம் வெளியேறச் சொன்னது. கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தால் நெரிபட்டு நடந்து, சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் ஒதுங்கினோம். அவருக்குக் காய்ச்சல் பிடித்தது. ஆஸ்பத்திரியில் நிலத்திலும் இடமில்லை. மற்றவர்கள் வன்னிக்குப் போக வெளிக்கிட்டபோது, “நாங்களும் போவமே?” என்று கேட்டேன்.

“போய்?” என்றார்.

மார்கழியில் ஒரு காலை அவர் எழும்பவில்லை. ஈர விறகு பற்ற வெகுநேரம் எடுத்தது. எரித்துவிட்டு வந்தபோது, எங்கள் இடத்தில் வேறொரு குடும்பம் பாய் விரித்திருந்தது. என்னைக் கண்டதும் அந்தப் பெண் தன் பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொன்னாள்.