தவிட்டு பிஸ்கட்டும் என் வயிற்றெரிச்சலும்

எழுபதுகளின் தொடக்கத்தில், காரைக்குடியில் எட்டாம் வகுப்பு படித்தபோது, மனையியல் டீச்சருக்கு நான்தான் செல்லம். பாத்திரம் எடுப்பதிலிருந்து அடுப்பு மூட்டுவது வரை என்னைத்தான் கூப்பிடுவார். மற்றவளுகளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். அவ்வளவு கெத்து.

டீச்சருக்கு ஒரே கவலை. ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் பள்ளி வாசலில் சாயமிட்டாய் தின்றுவிட்டு, மத்தியானச் சோற்றைக் குப்பையில் கொட்டின. திட்டினால் திருந்தாது, ருசி காட்டித்தான் மாற்ற வேண்டும் என்று எங்களுக்கு பேக்கிங் கற்றுக்கொடுத்தார். ஓவனுக்கு எங்கே போவது? பெரிய இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டிக் காயவைத்து, நடுவில் தட்டை இறக்கி, மூடி மேல் கங்கு பரப்பினோம். மைதாவும் சீனியும் கிட்டவே வரக்கூடாது.

போட்டியும் வைத்தார். வெள்ளிக்கிழமை பொடிசுகள் தின்று பார்க்கும். யார் தட்டு முதலில் காலியாகிறதோ, அவள்தான் சிவகங்கையில் நடக்கும் பள்ளிக் கண்காட்சிக்குப் போவாள்.

நான்தான் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டேன். கேழ்வரகு, வெல்லம், எங்கள் வீட்டு எருமை நெய், ஏலக்காய். பூப் பூவாய் வெட்டினேன்.

எனக்கு வில்லியாக ஒருத்தி, பக்கத்து ஊர் புதுவயலிலிருந்து பஸ்ஸில் வந்தாள். என் வகுப்புதான். அவள் அப்பா அங்கே அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். அரிசியைத் தீட்டினால் சத்தெல்லாம் தவிட்டோடு போய்விடும் என்று டீச்சர் சொன்னதை நாங்கள் நோட்டில் எழுதினோம். அவள் மறுநாளே ஒரு பை தவிட்டோடு வந்து நின்றாள்.

"டீச்சர், காலையில தீட்டுனது. நாள்பட்டா கசக்கும்னு சொன்னீகள்ல, அதான் கையோட வாங்கியாந்தேன்."

"மாட்டுத் தீனியவா சுடப்போறே?" என்றேன்.

"ஆமாடி. ஒனக்கும் ரெண்டு எடுத்து வைக்கிறேன்."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவள் தவிட்டைச் சலித்து, வறுத்து, கோதுமை மாவும் எள்ளும் கருப்பட்டிப் பாகும் விட்டுப் பிசைந்தாள். வெந்த வாசத்துக்கு அடுத்த வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து அடுப்பு மூட்டவும் அவளைத்தான் கூப்பிட்டார் டீச்சர். எனக்கு அவள் பின்னல், அவள் கையெழுத்து, அவள் தும்மல் எல்லாமே எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பொடிசுகள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தன. டீச்சர் தண்ணீர் எடுக்கப் போனார், அவளும் கூடப் போனாள். நான் குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

"அந்தக் கருப்பு பிஸ்கட்டத் தொட்றாதீகடா. தவிடு. மாட்டுக்குப் போடுறது."

முன்வரிசையில் மூக்கொழுகிக்கொண்டிருந்த ஒருத்தன் நிமிர்ந்தான்.

"எந்த மாட்டுக்குக்கா?"

"எல்லா மாட்டுக்குந்தான். பசு, காளை..."

"காளைக்கா? எங்க சித்தப்பா காளையும் தவிடுதான் திங்கும். மஞ்சுவிரட்டுல ஒரு பய கிட்ட நெருங்க முடியல, தெரியும்ல!"

எங்கள் பக்கம் மஞ்சுவிரட்டுக் காளைக்கு இருக்கிற மரியாதை மாப்பிள்ளைக்குக்கூடக் கிடையாது. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்த நேரம் பார்த்து அது உறைக்கவில்லை. டீச்சர் குடத்தோடு திரும்புவதற்குள் பொடிசுகள் நெற்றியில் விரலைக் கொம்பாக வைத்துக்கொண்டு, "காளை பிஸ்கட்!" என்று கத்தி, முட்டி மோதி, அவள் தட்டை வழித்துவிட்டன. என் பூக்கள் அப்படியே கிடந்தன.

"காளை பிஸ்கட்னு யாருடா சொன்னது?" என்றார் டீச்சர்.

"இந்த அக்காதான்!" என்று அந்த மூக்கொழுகி என்னைக் காட்டிக்கொடுத்தான்.

டீச்சர் என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. "வாய் நல்லாத்தான் வேலை செய்யுது. சிவகங்கைக்கு அவ சுடட்டும். நீயும் வா, பக்கத்துல நின்னு கூவு" என்றார்.

போனேன். "காளை பிஸ்கட், காளை பிஸ்கட்" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். வந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துத்தான், "நீயா பாப்பா சுட்டே?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்று சொல்ல வாய் வரும். அவள் பக்கத்திலேயே, கையில் மாவோடு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

"நான் இல்ல, அவ" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.