சாமான் அறை மூடப்படுகிறது

பகலில் அவள் வானொலி நிலையத்தில் விளம்பர வாசகங்களைத் தட்டச்சு செய்பவள். சோப்பு, செருப்பு, பல்வலி மாத்திரை. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரவு பதினொன்றரைக்கு மைக் முன்னால் உட்கார்ந்தால்தான் ஆளே வேறு. கால்மணி நேரம், பாட்டு கிடையாது, விருந்தினர் கிடையாது, தனியாளாகப் பேசித் தள்ளுவாள். யாரும் பார்த்திராத ஒரு சாமான் அறைக்குத் தான் பொறுப்பாளர் என்பது அவள் கட்டிய கதை. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாததை எல்லாம் ஜனங்கள் அங்கே ஒப்படைக்கலாம். கடைசிப் படி காணாமல்போன மாடிப்படி, உள்பக்கம் மட்டும் மழை பெய்யும் குடை, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் தங்கிப்போன நன்றி. நேயர்கள் கடிதம் போடுவார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, நோட்டில் எழுதி, எந்தத் தட்டில் வைத்தாள், விளக்கணைத்த பிறகு அது என்ன சேட்டை செய்தது என்றெல்லாம் சொல்வாள். நிலையத்தில் அவளுக்குச் 'சாமான் அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

மேலாளருக்கு இந்தப் பிதற்றல் பிடிபடவே இல்லை. "ஒரு விளம்பரம்கூட வரல. கேக்கவும் ஆள் இல்ல. வெள்ளிக்கிழமையோட முடிச்சுக்கோங்கம்மா," என்றார்.

ஆறு வருட உழைப்பு. வேறொருத்தியாக இருந்தால் கண்ணைக் கசக்கியிருப்பாள். இவள், "சரி சார். எப்படி முடிக்கறதுங்கறத எங்கிட்ட விட்டுடுங்க," என்றாள். உள்ளுக்குள் வலித்தது; அதை அவருக்குக் காட்ட மனமில்லை.

வெள்ளி இரவு மைக்கில் சொன்னாள்: "அறைய மூடறோம். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்து அவங்கவங்க பொருள வாங்கிட்டுப் போயிடுங்க." கதைக்கு ஒரு முடிவு வேண்டுமே என்று சொன்னதுதான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வரவேற்பறையில் நாற்பது பேர். கூச்சல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை, வரிசையாக நின்றார்கள். மேலாளர் கையைப் பிசைந்தார். "என்னம்மா இது? இல்லாத பொருள எப்படி எடுத்துக் குடுப்பீங்க?"

"வாங்கி வச்சவ நான். நானே குடுக்கறேன் சார்."

முதல் ஆள் ஒரு தையல்காரர். எண் நூற்றுப் பன்னிரண்டு: தங்கையோடு போட்ட சண்டை. அவள் காகிதக் கட்டுகள் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்து, இரண்டு கையாலும் எதையோ தூக்கி, "பாத்துப் பிடிங்க, கனம்," என்று நீட்டினாள். அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "இன்னைக்கே அவகிட்ட பேசி முடிச்சுடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்தவர் பேருந்து ஓட்டுநர், சீருடையோடு வந்திருந்தார். எண் முந்நூற்று நான்கு: போன வருடம் இறந்த மனைவி அவரைச் சாப்பிடக் கூப்பிட்ட குரல். அவள் அலமாரிப் பக்கம் திரும்பியதும் அவர் தடுத்தார்.

"எடுக்காதீங்கம்மா. வாங்கிட்டுப் போக நான் வரல. வீட்ல வச்சுக்க எனக்குத் தெம்பு இல்ல. இங்க இருந்தா நீங்க அப்பப்ப தூசி தட்டி ரெண்டு வார்த்தை பேசுவீங்க. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்."

அறை ஏது, நிகழ்ச்சி ஏது? ஆனாலும் நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே 'இங்கேயே இருக்கும்' என்று எழுதினாள். "நீங்க கவலப்படாம வண்டிய எடுங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு மேலாளர் பக்கம் திரும்பினாள்.

"திங்கக்கிழம பதினொன்றரைக்கு எனக்கு ஸ்டுடியோ வேணும் சார்."

"அதுல பாட்டு நிகழ்ச்சி போட்டாச்சேம்மா."

"நான் இவருக்கு வாக்குக் குடுத்துட்டேன். முடியாதுன்னா நீங்களே இவர்கிட்ட சொல்லிடுங்க."

மேலாளர் ஓட்டுநரைப் பார்த்தார். நிகழ்ச்சிப் பட்டியல் எழுதிய கரும்பலகைக்குப் போய், திங்கட்கிழமை பதினொன்றரைக்கு எதிரே இருந்ததை உள்ளங்கையாலேயே அழித்தார்.