மஞ்சுவிரட்டு நாளில் கார் பார்க்கப் போனேன்

"மாசி மகம். நெற்குப்பையில் கார் பார்க்க வேண்டும். எல்லோரும் மஞ்சுவிரட்டுக்குப் போயிருப்பார்கள், சாலை காலியாக இருக்கும்." அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியது இது.

விற்பனைக்கு வந்த, இரண்டு இருக்கை கொண்ட அந்த ஸ்போர்ட்ஸ் கார், துபாயிலிருந்து திரும்பிய காசிமுடையது. சர்வீஸ் ரசீதுகளைத் தேதிவாரியாகப் பார்த்தேன். இன்ஜினில் குறையில்லை. திருப்பி விற்றால் என்ன கிடைக்கும் என்றேன்.

"பாதிதான் வரும்ணே. பொய் சொல்லி விக்க மாட்டேன்" என்று சிரித்தார்.

அவர் பக்கத்தில் இருக்க, நான் வேகமாக ஓட்டிப் பார்த்தேன். மஞ்சுவிரட்டுப் பொட்டலில் அவிழ்த்துவிட்ட காளை ஒன்று வயலைத் தாண்டிச் சாலையில் பாய்ந்தது. பிரேக் போட்டும் அதன் காலில் இடித்துவிட்டேன். அது திரும்பி என் பக்கக் கண்ணாடியில் முட்டியது. கார் தாழ்வானது; கொம்பு என் தலை உயரத்துக்கே வந்தது. காசிம் என் சட்டையைப் பிடித்துத் தன் மடிக்கு இழுத்தார். கண்ணாடி நொறுங்கி, என் தலை இருந்த இடத்தில் இருக்கை கிழிந்தது. காளை நொண்டிக்கொண்டே ஓடியது.

காளையைத் துரத்தி வந்தவர்கள் என்னை வெளியே இழுத்துப் போட்டார்கள்.

"தரையில உக்காந்து ஓட்டுனா மாடு எப்படிடா தெரியும்?"

முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்த கம்பு தலைக்கு ஓங்கியபோது காசிம் குறுக்கே வந்து நின்றார்.

"அடிக்கிறதா இருந்தா வண்டிய அடிங்க. அது என்னுது. பாக்க வந்தவுகளத் தொடாதீக."

அடித்தார்கள். விளக்கு, கண்ணாடி, கூரை எதுவும் மிஞ்சவில்லை.

நஷ்டத்தை நான் தருகிறேன் என்றேன்.

"நீங்க இன்னும் வாங்கலையேண்ணே" என்று பணத்தை மறுத்துவிட்டார் காசிம்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் விலை பேசியதில்லை. காளை பிழைத்தது என்கிறார் ஒருவர், இல்லை என்கிறார் இன்னொருவர். இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.