வெர்னன் வெட்டிய கேதுரு மரங்கள்

ஜனவரி பிறந்தால் டெக்சாஸ் குன்றுகளில் கேதுரு மரங்கள் புகைபோல மகரந்தத்தைக் கக்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் தீ என்று பதறித் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவார்கள். பழையவர்கள் தும்மிக்கொண்டே சிரிப்பார்கள்.

வெர்னன் சிரிக்க மாட்டான். மாவட்டக் கால்நடைக் கண்காட்சியில் முப்பத்தோரு வருஷமாக ஏலம் கூறுகிறவன் அவன். அந்தக் குரலைத் தவிர ஊர் மதிக்கும்படி அவனிடம் எதுவும் கிடையாது. கண்காட்சி வருவதோ அந்த மகரந்த ஒவ்வாமை, ஊர் வழக்கில் கேதுருக் காய்ச்சல், உச்சத்தில் இருக்கும் ஜனவரி நடுவில். போன வருஷம் பாதி ஏலத்திலேயே தொண்டை அடைத்துக்கொண்டது.

இந்த முறையும் அப்படியானால் வேறு ஆள்தான் என்று கண்காட்சிக் குழு முடிவு செய்தது. நவம்பர் தொடக்கத்தில் அதைச் சொல்ல வந்தவள் குழுவின் தலைவி, பக்கத்து நிலத்து நெல்டா. வெர்னனுக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

"இந்த மாசக் கடைசில தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிஞ்சதுமே மூக்குல மருந்து அடிக்க ஆரம்பிச்சிரு. தூள் பறக்க ஆரம்பிச்சப்புறம் அடிச்சா லேட்டு."

"வேலியோரத்துல நிக்கிற உன் கேதுரு மரத்தையெல்லாம் வெட்டு. என் மூக்கு தானா சரியாயிரும்."

"என் மரத்துமேல கைய வச்சுப் பாரு. ஷெரீப்தான் வந்து பேசுவாரு."

அவள் சொன்னாள் என்பதற்காகவே அவன் மருந்து வாங்கவில்லை. ஏலத்துக்கு நான்கு நாள் முன்பு, அவள் தேவாலயம் போன நேரம் பார்த்து, ரம்பத்தோடு வேலி தாண்டினான். நீலக் காய்கள் குலைகுலையாகத் தொங்கிய பதினோரு மரங்களையும் சாய்த்தான். விஷமே அந்தக் காயில்தான் என்பது அவன் கணக்கு. கடைசி மரம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற அவனுடைய கேதுரு மரங்களின்மேல் போய் விழுந்தது. பழுப்புத் தூள் குப்பென்று கிளம்பி அவனைத் தலைமுதல் கால்வரை மூடியது.

நெல்டா திரும்பி வந்தபோது, கண் இரண்டும் வீங்கி வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கத்தவில்லை.

"காய் பிடிக்கிறது பொம்பள மரம்யா. தூள் விடுறது ஆம்பள மரம். அது என் பக்கம் ஒண்ணுகூடக் கிடையாது. எல்லாம் உன் பக்கம்தான் நிக்குது."

பதிலுக்குத் தும்மினான்.

ஏல நாளன்று நெல்டா ஒலிபெருக்கியை வெளியூர்க்காரன் ஒருவனிடம் கொடுத்தாள். வெர்னன் கடைசி வரிசையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தான். வந்தவன் முதல் கன்றுக்கே விலையைத் தப்பாகக் கூவினான். குரல் கணீரென்று இருந்ததால் ஜனங்கள் கைதட்டினார்கள். "அது தப்புடா முட்டாள்" என்று வெர்னன் எழுந்து நின்று கத்தினான். அடைத்த தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது; பக்கத்தில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.