யாரும் சாகாத தொடர்

ஆபீசில் அவளுக்கு வைத்த பெயர் ரப்பர். அழிப்பதுதான் வேலை. பெரியவர்கள் படிக்கும் ஒரு காமிக்ஸ், திருப்பிய பக்கமெல்லாம் கொலை. அதைப் போய்க் குழந்தைகளுக்குக் கார்ட்டூன் தொடராக்கக் கிளம்பிவிட்டார்கள். எந்தப் புண்ணியவானுக்கு இந்த யோசனை வந்ததோ! அவள் கத்தியைக் கரண்டியாக்கினாள், ரத்தத்தைத் தக்காளிச் சாறாக்கினாள். ஆனால் முதல் பக்கத்திலேயே கதாநாயகனான துப்பறிவாளனின் அப்பாவைக் கொன்று ஆற்றில் போட்டிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம், பிணத்தை எங்கே மறைப்பது?

"நம்ம தொடர்ல யாரும் சாகக் கூடாதும்மா," என்றார் டைரக்டர். "அப்பா வெளியூர் போயிருக்காருன்னு வச்சுக்கலாம்."

அவள் தலையாட்டினாள். அந்தப் பொய் அவளுக்குப் புதிதில்லை.

கணவன் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன்தான், எழுந்திருக்கவில்லை. மகளுக்கு அப்போது நான்கு வயது. குழந்தையை அக்கா வீட்டில் விட்டுவிட்டுத்தான் எல்லாவற்றையும் முடித்தாள். "அப்பா வெளியூர் போயிருக்காரு கண்ணு" என்று ஒரு வாரத்துக்காகச் சொன்னது, இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

"மூடி மறைச்சா போனவரு வந்துடுவாரா? புள்ளகிட்ட சொல்லுடி," என்று அக்கா திட்டாத நாளில்லை.

"சொல்றேன்க்கா, கொஞ்சம் வளரட்டும்."

தொடர் பிய்த்துக்கொண்டு ஓடியது. 'அந்த அப்பா எப்ப வருவாரு?' என்று குழந்தைகள் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். கடைசிப் பகுதியில் அவரைத் திரும்ப வரவழைப்பது என்று டைரக்டர் முடிவு செய்தார். அப்பா தெருவில் நடந்து வந்து வீட்டு வாசலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதை வரையும் வேலை அவளுக்கு வந்தது.

புது ஆளுக்கு நடை வேண்டுமென்றால் யாரையாவது நடக்கவிட்டுப் பார்த்து வரைவார்கள். வழக்கமாக வாட்ச்மேன்தான் அகப்படுவார். அன்று அவர் லீவு. அவள் போனில் கணவனின் பழைய வீடியோ ஒன்று இருந்தது. கையில் பையோடு கடைக்குப் போகிறான். வலது கால் லேசாக இழுக்கிறது, நாலு எட்டுக்கு ஒருமுறை பேண்ட்டைத் தூக்கி விட்டுக்கொள்கிறான். அதை அப்படியே வரைந்தாள். வரைய வரையக் கண்ணீர் நிற்கவில்லை. முகம் காமிக்ஸில் இருந்த அப்பாவுடையது, பெரிய மீசை வேறு. யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள். பாவி, அந்த நடை தெரிந்த ஒருத்தி வீட்டில் இருப்பதைப் பெற்றவளே மறந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பகுதி டிவியில் வந்தது. பால் குடித்துக்கொண்டிருந்த மகள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அம்மா, அப்பா."

"அது துப்பறியுற மாமாவோட அப்பா கண்ணு."

"இல்ல, நம்ம அப்பா. பேண்ட்ட இழுத்து விடறாரு பாரு."

சொன்னவள் எழுந்து ஓடினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்து, வாசலில் நின்று தெருவைப் பார்த்தாள்.

இதற்கு மேல் எதை அழிப்பது? அவள் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா வர மாட்டாரு கண்ணு. அப்பா செத்துப் போயிட்டாரு. அம்மா உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

குழந்தை தெருவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப டிவில நடந்து வந்தது?"

"அம்மா வரைஞ்சது."

குழந்தையின் உதடு பிதுங்கியது.

"அப்ப ஏம்மா வீட்டுக்கு வர்ற மாதிரி வரைஞ்ச?"

மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள். அன்று மத்தியானம் வரை இருவரும் அந்தக் கதவைச் சாத்தவில்லை.